குவேக்கர் கேள்விகளோடு உட்காருவது எப்படி? முதல்முறை வருபவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன்பு, இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரின் குவேக்கர் கூட்டத்துக்கு முதல்முறை போய்விட்டுக் கிளம்பும்போது, ஒரு பெரியவர் மெல்லிய புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார். 'அறிவுரைகளும் வினாக்களும்' என்பது அதன் தலைப்பு. அன்று இரவே 42 பத்திகளையும் ஒரே மூச்சில் படித்தேன். பள்ளிக்கூடப் பழக்கம் விடுமா? பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஆம், இல்லை, சுமார் என்று குறித்துக்கொண்டே போனேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் 'இல்லை'. இந்த லட்சணத்தில் இங்கே எனக்கென்ன வேலை என்று மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அது பரீட்சைத் தாள் இல்லை என்று விளங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நீங்கள் அந்த வருடத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குவேக்கர்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், கிறிஸ்தவத்துக்குள்ளிருந்து கிளம்பியவர்கள். தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். பிரிட்டனில் இவர்களுக்குப் பாதிரியார் கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது, எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணமும் கிடையாது. சேர்ந்து மௌனமாக உட்கார்ந்திருப்பதுதான் வழிபாடு. 'இதை நம்பு' என்று சொல்லாத இடத்தில் 'உன்னை நீயே கேட்டுப் பார்' என்று சில கேள்விகளை வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யும் ஆத்தும சோதனை நினைவுக்கு வரும். நெருங்கிய உறவுதான், ஆனால் இங்கே முடிவில் போய்ச் சொல்ல ஒரு குருவானவர் இல்லை. பாவப் பட்டியலும் இல்லை.

1. எந்தப் பிரதி என்று முதலில் பாருங்கள்

பிரிட்டன் குவேக்கர்கள் இப்போது பயன்படுத்துவது 1994இல் ஏற்றுக்கொண்ட பிரதி. 42 பத்திகள். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அச்சுப் பிரதிகள் பெரும்பாலும் கூட்ட அறையின் மேசையிலோ இருக்கைகளிலோ கிடக்கும், கேட்டால் ஒன்று கொடுத்தே அனுப்புவார்கள். லண்டனில் இருப்பவர்கள் யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஃபிரெண்ட்ஸ் ஹவுஸில், அதாவது பிரிட்டன் குவேக்கர்களின் தலைமை அலுவலகத்தில், கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பத்திகள் அடங்கிய பெரிய நூலைத் திருத்தி எழுதுவதென்று 2018இல் முடிவெடுத்து வேலை நடக்கிறது. அதனால் நான் கீழே சொல்லும் பத்தி எண்கள் பின்னால் மாறலாம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு வட்டாரத்தின் 'வருடாந்தரக் கூட்டமும்' (அந்த வட்டாரக் குவேக்கர்களின் அமைப்புக்கு அதுதான் பெயர்) தனக்கென்று கேள்விகள் வைத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு தலைப்புகள், மாதத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்வது அங்கே பரவலான வழக்கம். ஒஹாயோ, அயோவா பக்கத்தில் பழைய வழிபாட்டு முறையை விடாத 'பழமைவாத'க் குவேக்கர்கள் கேள்விகளுக்குக் கூட்டமாக உட்கார்ந்து எழுத்தில் பதில் தயாரிப்பார்கள்.

நான் விழுந்த குழி இதுதான்: இணையத்தில் கிடைத்த ஏதோ ஓர் அமெரிக்கப் பட்டியலை அச்சடித்துக்கொண்டு போய், தேநீர் நேரத்தில் "எட்டாவது கேள்வியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் மரியாதையாகத் தன் புத்தகத்தைப் புரட்டினார், நான் என் காகிதத்தைப் புரட்டினேன், இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நீங்கள் போகும் கூட்டம் எதைப் படிக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குவேக்கர் என்ற பெயர் இருந்தாலே மௌன வழிபாடு என்று நினைக்க வேண்டாம். உலகிலேயே அதிகக் குவேக்கர்கள் இருக்கும் நாடு கென்யா. அங்கே போதகர் உண்டு, பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு. அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட கூட்டங்கள் நிறைய. நான் இங்கே சொல்வது பிரிட்டன் வழக்கம்.

2. ஆவணங்களும் செலவும்

எங்கே போனாலும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் நாலு நகல் எடுத்துக்கொண்டு போவது நம் பழக்கம். இங்கே எதுவும் வேண்டாம். ஞானஸ்நானச் சான்றிதழ், அடையாள அட்டை, முன்பதிவு என்று எதையும் கேட்க மாட்டார்கள். நீங்கள் கிறிஸ்தவரா என்றுகூட என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கட்டணம் இல்லை. காணிக்கைப் பெட்டி ஒன்று இருக்கலாம், போடுவது உங்கள் விருப்பம். ஒரு சாதாரண நோட்டும் பேனாவும்தான் செலவு. தோல் அட்டை போட்ட அழகான நாட்குறிப்பு வாங்காதீர்கள். அப்படி ஒன்று வாங்கி, அதில் கிறுக்க மனசு வராமல், அழகான வாக்கியங்களாக யோசித்து யோசித்து எழுதினேன். அழகான வாக்கியத்தில் உண்மை தங்குவது கஷ்டம். குழந்தைகள் கணக்குப் போடும் நோட்டு போதும்.

கைபேசியில் எழுதுவதும் எனக்குச் சரிப்படவில்லை. மூன்றாவது நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் வந்து விழும்.

3. ஒரு கேள்வி, ஒரு வாரம்

முக்கியமான படி இதுதான். 42 என்பது 42 கேள்விகள் அல்ல, 42 பத்திகள். சிலவற்றில் கேள்வியே இருக்காது, அறிவுரை மட்டும் இருக்கும். சிலவற்றில் ஒரே மூச்சில் மூன்று கேள்வி வரும். ஒரு வாரத்துக்கு ஒரு பத்தி, அந்தப் பத்தியிலும் உங்களைக் குத்தும் ஒரு வரி. அவ்வளவுதான்.

வாரம் ஒரு பத்தி என்றால் 42 வாரம். வருடத்தில் மிச்சம் பத்து வாரம் இருக்கும். ஊருக்குப் போவது, காய்ச்சலில் படுப்பது, விட்டதைத் திரும்ப எடுப்பது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இது நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு, குவேக்கர்கள் விதித்ததல்ல.

வரிசைப்படி போக வேண்டியதில்லை. முதல் சில பத்திகள் கடவுள், இயேசு, பைபிள் என்று போகும். அந்த மொழி பழக்கமில்லாதவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். 17ஆம் பத்தியில் தொடங்கலாம். அடுத்தவர் கருத்தில் நமக்கான உண்மை இருக்கலாம், பொறுமையாகக் கேள் என்று சொல்லிக்கொண்டே வந்து, நீ சொல்வது தவறாகவும் இருக்கலாம், அதையும் நினைத்துப் பார் என்று முடியும் பத்தி அது. கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே அளவுக்கு மாட்டிக்கொள்ளும் இடம். 41ஆம் பத்தி எளிய வாழ்க்கை பற்றியது: தேவையில்லாததை, கட்டுப்படியாகாததை அடுத்தவர் தூண்டுதலில் வாங்காதே என்கிறது. கிரெடிட் கார்டு கடன் இருப்பவர்கள் அங்கிருந்தும் தொடங்கலாம்.

நேரம்: தினம் 15 நிமிடம். எனக்குக் காலையில், குளியலுக்கு முன்பு. முதல் ஐந்து நிமிடம் எதுவும் எழுதக் கூடாது. இரண்டு முறை மெதுவாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டும். மூன்றாம் நாள் வரை ஒன்றும் தோன்றாது. தோன்றாவிட்டால் பரவாயில்லை. எனக்குப் பெரும்பாலும் நான்காம் நாள், அதுவும் பாத்திரம் கழுவும்போதுதான் ஏதாவது வரும்.

4. உங்கள் தமிழில் எழுதிப் பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆங்கிலத்தில் படிக்கும்போது அந்த வரிகள் கண்ணாடிமேல் தண்ணீர் போல வழிந்து போய்க்கொண்டிருந்தன. ஆங்கிலம் எனக்கு அலுவலக மொழி. அதில் யாரும் என்னைத் திட்டியதில்லை, நானும் யாரிடமும் அழுததில்லை. அதனால் அதில் கேட்கும் கேள்வி உள்ளே இறங்கவும் இல்லை.

37ஆம் பத்தியின் கேள்வியை ஒரு நாள் தமிழில் எழுதினேன். முதலில் 'நீங்கள் சொல்லிலும் செயலிலும் நேர்மையும் வாய்மையும் உடையவராக இருக்கிறீர்களா?' என்று வந்தது. மேடைப்பேச்சு. அடித்துவிட்டு, என் பாட்டி கேட்டால் எப்படிக் கேட்பாள் என்று யோசித்தேன். 'ஏண்டா, நீ பேசறதெல்லாம் நெசந்தானா?' இதற்கு மழுப்ப முடியாது.

எல்லா வரியும் இப்படி எளிதில் வராது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் கூறு ஒன்று இருக்கிறது என்பது அவர்களுடைய அடிப்படையான பேச்சு. இதை ஆத்மா, சிவம் என்று நமக்குப் பழகிய சொல்லில் போட்டால் உடனே எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடும். அந்தத் திருப்திதான் ஆபத்து. நான் அதை 'எனக்குப் பிடிக்காத அந்த ஆளுக்குள்ளும்' என்று மாற்றி வைத்துக்கொண்டேன். பெயர் போட்டும் எழுதினேன், அதை இங்கே சொல்வதாக இல்லை.

5. ஆம், இல்லை என்று எழுதாதீர்கள்

பதில் 'ஆம்' என்று வந்தால் நோட்டை மூடிவிடுவோம். 'இல்லை' என்று வந்தால் நம்மையே திட்டிக்கொண்டு மூடிவிடுவோம். இரண்டிலும் ஒன்றும் நடக்காது. அதனால் கேள்விக்குக் கீழே நான்கு சின்னக் கேள்விகள் போட்டுக்கொள்கிறேன்: கடைசியாக எப்போது? யாரிடம்? எதற்குப் பயந்து? இந்த வாரம் என்ன செய்யலாம்?

மேலே சொன்ன 37ஆம் பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது பொய் சொன்னேன்? போன ஞாயிறு மதியம், அதுவும் குவேக்கர் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில். யாரிடம்? அம்மாவிடம், தொலைபேசியில். "வேலையெல்லாம் எப்படிப்பா போகுது?" "நல்லா போகுதும்மா." வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எதற்குப் பயந்து? அம்மா கவலைப்படுவாள் என்று எழுதினேன். மறுநாள் அதை அடித்துவிட்டு, 'ஊரில் தெரிந்துவிடும் என்று' என எழுதினேன். அது சரியான பதில்.

அடுத்த ஞாயிறு சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி: "சித்தப்பாகிட்ட சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "சரி, யார்கிட்டயும் சொல்லிடாத." ஆக ஒரு பொய் போய், அதை இருவருமாகச் சேர்ந்து காக்க வேண்டிய நிலை வந்தது. அடுத்த வாரமும் அதே பத்தியில்தான் உட்கார்ந்தேன். ஒரு கேள்வியிலிருந்து நகர முடியாமல் போனால் பயப்படாதீர்கள், அதற்காகத்தான் அந்தப் பத்து வார மிச்சம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, கேள்வியை வீட்டில் மற்றவர்கள்மேல் பிரயோகிக்காதீர்கள். எளிய வாழ்க்கைப் பத்தி நடந்த வாரம், மனைவி இணையத்தில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இது தேவைதானா என்று உன்னையே கேட்டுப் பார்த்தாயா?" என்றேன். "உங்க கேள்வியை உங்க நோட்டுல வச்சுக்குங்க" என்று பதில் வந்தது. சரியான தீர்ப்பு.

இரண்டாவது, ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் சவுக்காக மாறிவிடும். எழுதி முடித்ததும் தினம் தினம் உங்கள்மேலேயே வெறுப்பு வந்தால் நோட்டை மூடி வையுங்கள். மருத்துவரிடம் போக வேண்டிய விஷயத்தை இதை வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

6. கூட்டத்துக்குப் போகும்போது

தனியாக மட்டுமே செய்துகொண்டிருந்தால் நமக்கு நாமே வக்கீலாகவும் நீதிபதியாகவும் ஆகிவிடுவோம். வாரம் ஒருமுறை இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது கூட்டத்துக்குப் போங்கள்.

பெரும்பாலும் ஞாயிறு காலை 10.30 அல்லது 11 மணி. ஒரு மணி நேரம். ஊருக்கு ஊர் மாறும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்னால் போய்விடுவது நல்லது. தாமதமாகப் போனால் கதவருகே இருப்பவர் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லலாம். சாதாரண உடை போதும். நான் முதல் நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் நின்றேன், அங்கே ஒருவர் சைக்கிள் கால்சட்டையில் இருந்தார்.

நாற்காலிகள் வட்டமாக இருக்கும். எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒருவர் எழுந்து அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கலாம். வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். விளக்கம் எதுவும் வராது. பிரசங்கம் கேட்டு வளர்ந்த எனக்கு, 'சரி, அப்புறம்?' என்று பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது. அப்புறம் ஒன்றும் இல்லை. முடிவில் இருவர் கைகுலுக்குவார்கள், பிறகு எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்குவார்கள், அறிவிப்பு, தேநீர், பிஸ்கட்.

முதல் சில வாரம் தூக்கம் வரும், வயிறு சத்தம் போடும், மதியச் சமையல் நினைவு வரும். எல்லோருக்கும் அப்படித்தான்.

7. பேசலாமா?

யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். புதியவர்களும்கூட. ஆனால் அதற்கு எழுதாத சில வழக்கங்கள் உண்டு. ஒரு வழிபாட்டில் ஒருவர் ஒருமுறைதான் பேசுவார். சுருக்கமாகப் பேசுவார். ஒருவர் பேசி முடித்த பின் சில நிமிடமாவது மௌனம் இருக்க வேண்டும். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது.

கடைசி விதியை நான் கச்சிதமாக மீறினேன். ஒருவர் போர் பற்றி ஏதோ சொல்லி உட்கார்ந்ததுதான் தாமதம், நான் எழுந்து அவர் ஏன் பாதிதான் சரி என்று பட்டிமன்ற பாணியில் ஐந்து நிமிடம் பேசினேன். தேநீர் நேரத்தில் மூப்பர் ஒருவர் வந்து, "உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது" என்றார். அது பாராட்டு என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

13ஆம் பத்தியைப் படித்துவிட்டுப் போங்கள். பேசுவது உன் வேலையே இல்லை என்று நினைத்துவிடாதே, ஆனால் தூண்டுதலும் நேரமும் சரிதானா என்று பொறுத்திருந்து பார் என்று இரண்டு பக்கமும் பிடித்துச் சொல்லும்.

8. பகிர்வு வட்டம்

சில கூட்டங்களில் வார நாள் மாலையில் ஆறேழு பேர் உட்கார்ந்து ஒரே கேள்வியை எடுத்துப் பேசுவார்கள். இணையவழியிலும் நடக்கும். என் அனுபவத்தில் புதியவர்களுக்கு ஞாயிறு வழிபாட்டைவிட இதுதான் சுலபம். கேள்வி முன்பே தெரியும், வீட்டில் யோசித்துவிட்டு வரலாம்.

ஒவ்வொருவராகத் தன் சொந்த அனுபவத்திலிருந்து மட்டும் பேசுவார்கள். நடுவில் மௌனம். ஆறுதல், ஆலோசனை, "எனக்கும் இப்படித்தான்" எல்லாம் கூடாது. பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். 'நாம் எல்லோரும்', 'இந்தச் சமூகம்' என்று உங்கள் வாக்கியம் தொடங்கினால் நிறுத்தி, 'நான்' என்று தொடங்குங்கள். நம் ஆட்களுக்கு, அதாவது எனக்கு, கஷ்டமான பகுதி இது. பிறர் அழும்போது எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு.

9. பெரிய முடிவு என்றால்: தெளிவுக் கூட்டம்

வேலையை விடுவதா, ஊருக்குத் திரும்புவதா போன்ற கேள்வி உங்களிடம் இருந்தால், தெளிவு தேடும் சிறு கூட்டம் ஒன்றைக் கேட்கலாம். நீங்கள் நம்பும் நாலைந்து பேர், இரண்டு மூன்று மணி நேரம். கட்டணம் இல்லை. ஆனால் ஆட்களைச் சேர்த்து நாள் குறிக்கவே சில வாரம் ஆகிவிடும், கடைசித் தேதிக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். உங்கள் நிலைமையை ஒன்றிரண்டு பக்கம் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட்டால் நேரம் மிச்சம்.

வந்தவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும். அதிலும் பதில் தங்களுக்கே தெரியாத கேள்வி. "ஊருக்குப் போய்விட்டால் அம்மாவுக்கு நிம்மதிதானே?" என்பது கேள்விக்குறி ஒட்டிய அறிவுரை. "ஊர் என்று சொல்லும்போது உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்பது கேள்வி. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் நோட்டில் நீங்களே உங்களுக்கு எழுதும் கேள்விகளும் மாறும். நான் 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளை ஏறக்குறைய விட்டுவிட்டேன். 'ஏன் இப்படிச் செய்தேன்?' என்றால் மனசு உடனே சாக்குத் தேடும்.

10. உறுப்பினர் ஆக வேண்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் உறுப்பினர் ஆகத் தேவையில்லை. பல வருடமாக வெறும் வருகையாளராகவே இருப்பவர்கள் உண்டு, நானும் இன்னும் வருகையாளர்தான்.

ஆக விரும்பினால், பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்கள் சேர்ந்த வட்டாரக் கூட்டத்தின் கிளார்க்குக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். கிளார்க் என்றதும் குமாஸ்தா என்று நினைக்காதீர்கள், கூட்டத்தை நடத்தி முடிவுகளைப் பதிவு செய்பவர் அவர்தான். வழக்கமாக இரண்டு பேர் வந்து உங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் எழுதும் அறிக்கையைப் பார்த்து வட்டாரக் கூட்டம் முடிவெடுக்கும். சில மாதம் ஆகலாம். சந்தா கிடையாது, கூட்டத்தின் செலவுக்கு உங்களால் முடிந்ததைக் கொடுப்பது எதிர்பார்ப்பு. 42 பத்திக்கும் என்ன பதில் என்று கேட்டுவிடுவார்களோ என்று ஒரு நண்பர் பயந்துகொண்டிருந்தார். கேட்கவில்லையாம். பிஸ்கட் கேட்டார்களாம்.

11. ஒரு சுற்று முடிந்த பிறகு

புது நோட்டு எடுங்கள். பழைய நோட்டை அலமாரியில் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். ஒரு பத்தியில் ஒரு வாரம் உட்கார்ந்து புதிதாக எழுதி முடித்த பிறகுதான் பழையதைத் திறந்து பார்க்க வேண்டும். முன்னாலேயே பார்த்தால் பழைய பதிலைத் திருத்தி எழுதுவீர்கள், அல்லது அதோடு சண்டை போடுவீர்கள்.

எனக்கு இப்போது இரண்டாம் சுற்று. மூன்று வாரமாக 41ஆம் பத்தியில் நிற்கிறேன். அடுத்த மாதம் தங்கை மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கட்டுப்படியாகாததை வாங்காதே என்று பத்தி சொல்கிறது. அம்மா இரண்டு பவுன் என்கிறாள். நோட்டில் இன்னும் 'எதற்குப் பயந்து?' என்ற வரி காலியாக இருக்கிறது.